ஃப்ளூ காய்ச்சலும் மூலிகைகளும்: தாவரப் பொருட்கள் வைரஸைத் தடுக்குமா?

காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல் ஆகியவற்றுடன் புறநோயாளர் பிரிவுக்கு வருபவர்களில் பலர் அதற்கு முன்பே வீட்டில் கஷாயம் குடித்திருப்பார்கள். சிலர் அதை மருத்துவரிடம் தயக்கத்துடன் சொல்வார்கள், சிலர் மறைத்துவிடுவார்கள். தயங்க வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது. மூலிகைகள் ஃப்ளூ வைரஸைத் தடுக்குமா என்பது உலகெங்கும் அறிவியலாளர்கள் ஆராய்ந்துவரும் கேள்விதான். இன்று பயன்பாட்டில் உள்ள முதன்மையான ஃப்ளூ மருந்தே ஒரு தாவரப் பொருளை மூலமாகக் கொண்டு உருவானது.

இந்தப் பக்கம் நோயாளிகளுக்காகவும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்காகவும் எழுதப்பட்டது. எந்தத் தாவரப் பொருளுக்கு எவ்வளவு சான்று உள்ளது, எது தீங்கு தரக்கூடும், எந்த நிலையில் கஷாயத்தை மட்டும் நம்பி வீட்டில் இருக்கக் கூடாது என்பவற்றை இதில் அறியலாம்.

சுருக்கமான விடை

பல தாவரப் பொருட்கள் ஆய்வுக்கூடத்தில் இன்ஃப்ளுயன்சா வைரஸின் பெருக்கத்தைக் குறைக்கின்றன. ஆனால், நோயாளிகளிடம் ஃப்ளூ வைரஸை அழித்து, நிமோனியாவையும் உயிரிழப்பையும் தடுப்பதாக உறுதியாக நிறுவப்பட்ட மூலிகை எதுவும் இன்று இல்லை. தொண்டைவலி, இருமல் போன்ற தொல்லைகளைக் குறைக்கச் சில மூலிகைகள் உதவக்கூடும். எனவே, மிதமான நோயில் அவற்றைத் துணையாகக் கொள்ளலாம். ஆபத்து மிகுந்தவர்கள் அவற்றை நம்பி மருத்துவ உதவியைத் தள்ளிப்போடக் கூடாது.

ஃப்ளூ என்பது என்ன?

ஃப்ளூ என்பது இன்ஃப்ளுயன்சா வைரஸால் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் ஏற்படும் தொற்று. இவ்வைரஸில் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் உண்டு. மனிதரிடையே ஆண்டுதோறும் பரவும் காய்ச்சலுக்கு ஏ, பி வகைகளே முக்கியக் காரணம். 2009ஆம் ஆண்டு உலகெங்கும் பரவி, ‘பன்றிக் காய்ச்சல்’ என்று மக்களால் அழைக்கப்பட்ட எச்1என்1 வைரஸ் ஏ வகையைச் சேர்ந்தது. அது இன்று பருவகால ஃப்ளூ வைரஸ்களில் ஒன்றாகிவிட்டது.

வைரஸ் உடலில் புகுந்து 1 முதல் 4 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். சாதாரணச் சளி மெல்லத் தொடங்கும். ஃப்ளூ பெரும்பாலும் திடீரெனத் தொடங்கும். கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, தசைவலி, களைப்பு, வறட்டு இருமல், தொண்டைவலி ஆகியன இதன் அறிகுறிகள். பெரும்பாலோருக்குக் காய்ச்சல் ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும். இருமலும் களைப்பும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கலாம்.

பெரும்பாலோர் தாமாகவே குணமடைந்துவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கஷாயம் குடித்து மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டால், அது கஷாயத்தால் விட்டதா, உடலின் நோய் எதிர்ப்பாற்றலால் விட்டதா என்பதை ஒரு தனி மனிதரின் அனுபவத்தைக் கொண்டு சொல்ல முடியாது. இதனால்தான், மருந்து பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் ஒப்பிடும் சோதனைகள் தேவைப்படுகின்றன.

வைரஸ் எவ்வாறு பெருகுகிறது?

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் முக்கியமானவை. ஒன்று ஹீமக்ளூட்டினின், மற்றொன்று நியூராமினிடேஸ். எச்1என்1 என்ற பெயரில் உள்ள ‘எச்’, ‘என்’ ஆகிய எழுத்துகள் இவற்றையே குறிக்கின்றன.

மூச்சுப்பாதைச் செல்களின் மேல் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருள் உள்ளது. ஹீமக்ளூட்டினின் இதைப் பற்றிக்கொண்டு வைரஸைச் செல்லுக்குள் சேர்க்கிறது. உள்ளே சென்ற வைரஸ் தன் மரபுப்பொருளை நகலெடுத்துப் பெருகுகிறது. புதிய வைரஸ்கள் வெளியேறும்போது அதே சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்தப் பிணைப்பை வெட்டி அவற்றை விடுவிப்பது நியூராமினிடேஸ் என்னும் நொதி. விடுபட்ட வைரஸ்கள் அடுத்தடுத்த செல்களைத் தாக்குகின்றன.

ஆகவே, வைரஸைத் தடுக்க மூன்று முக்கிய இடங்கள் உள்ளன: செல்லில் ஒட்டுவதைத் தடுப்பது, நகலெடுப்பதைத் தடுப்பது, வெளியேறுவதைத் தடுப்பது. தாவரப் பொருட்கள் பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் இந்த இடங்களைக் குறிவைத்தே நடைபெறுகின்றன.

அன்னாசிப்பூவிலிருந்து ஒரு மருந்து

ஃப்ளூவுக்கு இன்று அதிகம் பயன்படும் மருந்து ஓசெல்டாமிவிர். 1999ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள இம்மருந்து, நியூராமினிடேஸ் நொதியைத் தடுத்து, புதிய வைரஸ்கள் செல்லைவிட்டு வெளியேறுவதை நிறுத்துகிறது.

இதைத் தயாரிக்கத் தேவையான மூலப்பொருள் ஷிகிமிக் அமிலம். நாம் பிரியாணியில் இடும் அன்னாசிப்பூவில் இது மிகுதியாக உள்ளது. தெற்குச் சீனாவிலும் வடக்கு வியட்நாமிலும் இம்மரம் பயிரிடப்படுகிறது. 2005ஆம் ஆண்டளவில் பறவைக் காய்ச்சல் அச்சத்தால் பல நாடுகள் ஓசெல்டாமிவிரை இருப்பு வைக்க முற்பட்டபோது, அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. பின்னர், நுண்ணுயிரிகளை வளர்த்து ஷிகிமிக் அமிலம் பெறும் முறையும் பயன்பாட்டுக்கு வந்தது.

அப்படியானால் அன்னாசிப்பூக் கஷாயம் ஃப்ளூவைக் குணப்படுத்துமா என்று நீங்கள் கேட்கலாம். குணப்படுத்தாது. ஷிகிமிக் அமிலத்துக்கு நியூராமினிடேஸைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. பல கட்ட வேதிவினைகளுக்குப் பிறகே அது ஓசெல்டாமிவிராக மாறுகிறது. அந்த மாற்றம் நம் அடுப்பிலோ வயிற்றிலோ நிகழாது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஷிகிமிக் அமிலம் 1885ஆம் ஆண்டு முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ‘ஷிகிமி’ எனப்படும் ஜப்பானிய அன்னாசிப்பூ மரத்திலிருந்து. அந்த மரத்தின் காய் பார்ப்பதற்குச் சமையல் அன்னாசிப்பூவைப் போலவே இருக்கும். ஆனால் நஞ்சுடையது, வலிப்பை உண்டாக்கக்கூடியது. அன்னாசிப்பூத் தேநீர் குடித்த கைக்குழந்தைகள் உள்ளிட்டோருக்கு வலிப்பு முதலிய பாதிப்புகள் ஏற்பட்டதைத் தொடர்ந்து, 2003ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அத்தேநீரைத் தவிர்க்குமாறு எச்சரித்தது. கைக்குழந்தைகளுக்கு அன்னாசிப்பூ ஊறிய நீரை எக்காரணம் கொண்டும் புகட்டாதீர்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளி வரை

‘இந்த மூலிகை ஃப்ளூ வைரஸைக் கொல்கிறது என்று கண்டுபிடிக்கப்பட்டது’ என்னும் செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். பெரும்பாலும் அச்செய்திக்கு அடிப்படையாக இருப்பது கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட செல்களில் செய்த ஆய்வு. அது பொய்யன்று, ஆனால் முதல் படி மட்டுமே. அதற்கும் நோயாளி குணமடைவதற்கும் இடையில் பல தடைகள் உள்ளன.

முதலாவது, அளவு. ஆய்வுக்கூடத்தில் தாவரப் பொருளைத் தேவையான செறிவில் நேரடியாகச் செல்களின் மேல் ஊற்றலாம். வாயால் உட்கொள்ளும்போது அது குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைய வேண்டும். வழியிலேயே பெரும்பகுதி சிதைந்துபோகலாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. வைரஸைத் தடுக்கும் செறிவில் அப்பொருள் நம் செல்களையும் பாதிக்கலாம்.

மூன்றாவது, ஒரே சீரான தன்மை. ஒரே மூலிகையானாலும் மண், பருவம், பறித்த காலம், உலர்த்திய முறை ஆகியவற்றுக்கேற்ப அதிலுள்ள பொருளின் அளவு மாறும். இன்று காய்ச்சிய கஷாயமும் நாளை காய்ச்சுவதும் ஒரே வீரியத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நான்காவது, மனிதரிடம் சோதனை. மூலிகை பெற்றவர்கள், பெறாதவர்களைவிட விரைவாகக் குணமடைந்தார்களா, குறைவாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்களா என்பதே இறுதி அளவுகோல்.

தாவரங்கள் வாரியாகச் சான்றுகள்

மஞ்சள்: இதிலுள்ள குர்குமின் என்னும் பொருள் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளூ வைரஸ் செல்லில் ஒட்டுவதைத் தடுக்கிறது. ஆனால், மஞ்சள் தூளில் குர்குமின் பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு மட்டுமே உள்ளது. அரைத் தேக்கரண்டி மஞ்சளை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை கிராமை, பாலில் கலந்தால் கிடைக்கும் குர்குமின் 30 முதல் 75 மில்லிகிராம். அதிலும் மிகச் சிறு பகுதியே குடலில் உறிஞ்சப்படுகிறது. அதுவும் கல்லீரலில் விரைவில் மாற்றமடைகிறது. மஞ்சள் பால் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். அதைக் குடிப்பதில் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் அதை ஃப்ளூவுக்கான மருந்தாகக் கருத முடியாது.

தேயிலை: பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டசின் என்னும் பொருட்கள் ஹீமக்ளூட்டினின் மீது செயல்பட்டு வைரஸ் ஒட்டுவதைத் தடுப்பதாகச் செல் ஆய்வுகள் காட்டின. அவ்வாய்வுகளில் பயன்பட்ட செறிவு, தேநீர் குடித்தபின் இரத்தத்தில் காணப்படும் செறிவைவிடப் பன்மடங்கு அதிகம். பச்சைத் தேயிலை நீரால் வாய் கொப்பளித்தால் ஃப்ளூ வருவது குறையுமா என்று ஜப்பானில் 700க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் சோதித்தனர். 2014இல் வெளியான அதன் முடிவில், வெறும் நீரால் கொப்பளித்தவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

நிலவேம்பு: இதன் கசப்புக்குக் காரணமான பொருட்களில் முக்கியமானது ஆன்ட்ரோகிராஃபோலைடு. இது ஆய்வுக்கூடத்தில் ஃப்ளூ வைரஸின் பெருக்கத்தையும் அழற்சியையும் குறைக்கிறது. மூச்சுப்பாதைத் தொற்று உடையவர்களிடம் நிலவேம்பு குறித்து நடந்த 33 சோதனைகளை ஒன்றுதிரட்டிய ஆய்வு 2017இல் வெளியானது. அவற்றில் பங்கேற்றோர் 7000க்கும் மேற்பட்டோர். இருமலும் தொண்டைவலியும் ஓரளவு குறைவதாகத் தெரிந்தாலும், பெரும்பாலான சோதனைகளின் தரம் குறைவு என்பதால் ஆய்வாளர்கள் உறுதியான முடிவுக்கு வரவில்லை. மேலும், அச்சோதனைகள் பலவகை மூச்சுப்பாதைத் தொற்றுகளைப் பற்றியவை. ஃப்ளூவை மட்டும் பற்றியவை அல்ல. சித்த மருத்துவத்தில் வழங்கப்படும் நிலவேம்புக் குடிநீர், நிலவேம்புடன் வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவை சேர்ந்த 9 சரக்குகளின் கலவை. எனவே, நிலவேம்பை மட்டும் வைத்துச் செய்த ஆய்வின் முடிவை அப்படியே இக்குடிநீருக்குப் பொருத்திவிட முடியாது.

அதிமதுரம்: இதிலுள்ள கிளிசிரைசின் ஆய்வுக்கூடத்தில் வைரஸ் எதிர்ப்புத் தன்மை காட்டுகிறது. தொண்டைக்கு இதமளிக்கும் மூலிகையாகவும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. நோயாளிகளிடம் ஃப்ளூவைக் குணப்படுத்துவதற்கு உறுதியான சான்று இல்லை. இதன் பக்கவிளைவுகளைக் கீழே காண்க.

எல்டர்பெர்ரி: ஐரோப்பாவில் வளரும் இக்கனியின் சாறு, நம் நாட்டிலும் மருந்துக் கடைகளில் ‘நோய் எதிர்ப்பாற்றல்’ சிரப்பாக விற்கப்படுகிறது. தொடக்ககாலச் சிறு சோதனைகள் நம்பிக்கை அளித்தன. ஆனால், ஃப்ளூ உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான, போலி மருந்துடன் ஒப்பிட்ட சோதனையில் இதனால் பயன் ஏதும் காணப்படவில்லை.

சீன மூலிகைக் கலவை: 2009ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, மிதமான எச்1என்1 நோயுடைய 410 பேரிடம் சீனாவில் ஒரு சோதனை நடந்தது. எந்த மருந்தும் பெறாதவர்களுக்குக் காய்ச்சல் தணிய ஏறத்தாழ 26 மணி நேரமும், ஓசெல்டாமிவிர் பெற்றவர்களுக்கு 20 மணி நேரமும், 12 சரக்குகள் கொண்ட மூலிகைக் கலவை பெற்றவர்களுக்கு 16 மணி நேரமும் ஆயின. 2011இல் வெளியான இம்முடிவு கவனிக்கத்தக்கது. எனினும், யாருக்கு எது தரப்படுகிறது என்பது மறைக்கப்படவில்லை. போலி மருந்தும் தரப்படவில்லை. பங்கேற்றவர்கள் மிதமான நோயுடையவர்கள். ஆகவே, கடும் நோயைத் தடுக்குமா என்பதை இச்சோதனையால் அறிய இயலாது.

ஆடாதோடை: இது வைரஸுக்கு எதிரான மருந்தாக நிறுவப்படவில்லை. ஆயினும், இதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. இன்று இருமல் சிரப்புகளில் உள்ள அம்ப்ராக்சால், அதன் வழி வந்ததே. அன்னாசிப்பூவைப் போலவே இங்கும் தாவரம் தொடக்கப் புள்ளியாக இருந்தது. பொருளைப் பிரித்து, திருத்தி, அளவிட்டு, சோதித்த பின்பே அது மருந்தானது.

இயற்கையானது எல்லாம் தீங்கற்றதன்று

வைரஸைத் தடுக்கும் அளவுக்கு உடலில் செயல்படும் ஒரு பொருள், வேறு வகையிலும் செயல்படவே செய்யும். பின்வருபவற்றில் கவனம் தேவை.

• அதிமதுரத்தை மிகுதியாகவோ தொடர்ந்து பல நாட்களோ உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும். இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் பிரிக்கும் மாத்திரை அல்லது டிகாக்சின் உட்கொள்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

• நிலவேம்பு சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கலாம். அரிதாக அது கடுமையாகவும் அமையலாம். தோல் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளக் கூடாது.

• இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள், மஞ்சள், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைக் காப்ஸ்யூலாகவோ செறிவூட்டிய சாறாகவோ எடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். சமையலில் சேர்க்கும் அளவு வேறு. மருந்தாக எடுக்கும் அளவு வேறு.

• மிளகில் உள்ள பைப்பரின், வேறு சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை அவற்றுள் அடங்கும். பைப்பரின் சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல்களை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இவற்றால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் உண்டு.

• பச்சைத் தேயிலைச் சாற்றுக் காப்ஸ்யூல்களை அதிக அளவில் எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். சாதாரணமாகத் தேநீர் அருந்துவதற்கு இது பொருந்தாது.

• கருப்பட்டி, வெல்லம், தேன் சேர்த்த கஷாயம் நீரிழிவு நோயாளியின் சர்க்கரை அளவை உயர்த்தும். காய்ச்சலின்போது சர்க்கரை ஏற்கெனவே கூடியிருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

• ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதனால் பாட்டுலிசம் என்னும் ஆபத்தான நரம்புப் பாதிப்பு ஏற்படலாம்.

• கற்பூரமும் நீலகிரித் தைலமும் வயிற்றுக்குள் சென்றால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தைகளின் மூக்கிலோ மார்பிலோ இவற்றைத் தடவாதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தைகளை ஆவி பிடிக்க வைப்பதால் தீக்காயம் ஏற்படும் ஆபத்து உண்டு.

மருத்துவரைச் சந்திக்கும்போது என்ன கஷாயம், எத்தனை வேளை, எத்தனை நாட்கள் குடித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பொட்டலத்தையோ புட்டியையோ உடன் கொண்டுவருவது நல்லது. உங்களைக் குறை சொல்வதற்காக மருத்துவர் இதைக் கேட்பதில்லை. மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதற்காகவே கேட்கிறார்.

முதல் 48 மணி நேரம்

மூலிகை குறித்த கேள்வியில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் கஷாயத்தில் இல்லை. அதை நம்பிக் காத்திருப்பதில்தான் இருக்கிறது.

ஓசெல்டாமிவிர் வைரஸ் பெருகும் காலத்தில் செயல்படும் மருந்து. ஆகவே, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பயன் அதிகம். காலையில் தொடங்கிய காய்ச்சலுக்கு ‘மூன்று நாள் கஷாயம் குடித்துப் பார்ப்போம்’ என்று முடிவு செய்தால், அந்த 48 மணி நேரம் வீட்டிலேயே கழிந்துவிடும். ஆரோக்கியமான இளைஞருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லாமல் போகலாம். அதே வீட்டில் உள்ள கர்ப்பிணிக்கோ, ஆஸ்துமா உள்ள பாட்டிக்கோ அது உயிர் காக்கும் வாய்ப்பை இழப்பதாக அமையலாம்.

இம்மருந்து எல்லோருக்கும் தேவையில்லை. ஆரோக்கியமான பெரியவர்களிடம் இது அறிகுறிகளின் காலத்தைச் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே சுருக்குகிறது. குமட்டல், வாந்தியும் உண்டாகலாம். ஆபத்து மிகுந்தவர்களுக்கும் கடும் நோயுடையவர்களுக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், நாளொன்றுக்கு இரு வேளை, 5 நாட்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அளவு மாறும். மருத்துவரின் சீட்டின்றி இதை வாங்கவோ, மீதமிருந்த மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்கவோ கூடாது.

காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலேயே மருத்துவரை அணுக வேண்டியவர்கள்:

• 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், குறிப்பாக 2 வயதுக்குட்பட்டவர்கள்
• 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்
• கர்ப்பிணிகள், பிரசவமாகி இரண்டு வாரங்களுக்குள் இருப்பவர்கள்
• ஆஸ்துமா முதலிய நுரையீரல் நோய், இதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய், நீரிழிவு உள்ளவர்கள்
• புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், எச்.ஐ.வி. தொற்றுடையவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள்

இவர்களுக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமலேயே மருத்துவர் மருந்தைத் தொடங்கக்கூடும். 48 மணி நேரம் கடந்துவிட்டது என்பதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். கடும் நோயில் தாமதமாகத் தொடங்கினாலும் பயன் கிடைக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஒன்று தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, 108 அவசர ஊர்தியை அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• மூச்சுத்திணறல் அல்லது வேகமான மூச்சு
• நெஞ்சுவலி
• சளியில் இரத்தம்
• உதடு அல்லது நகம் நீலம் பாரித்தல்
• குழப்பம், மிகையான உறக்கம், எழுப்பினாலும் விழிக்காமை, வலிப்பு
• சிறுநீர் மிகவும் குறைதல்
• காய்ச்சல் தணிந்து இரண்டொரு நாளில் மீண்டும் காய்ச்சலும் இருமலும் கடுமையாதல்
• குழந்தை பால் குடிக்க மறுத்தல், ஓயாமல் அழுதல், மூச்சு விடும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல்

வீட்டில் பராமரிக்கும்போது

ஆபத்துக் காரணிகள் இல்லாதவர்களுக்கு ஓய்வும் போதிய நீராகாரமுமே முதன்மையான சிகிச்சை. கஞ்சி, இளநீர், மோர், ரசம், வெந்நீர் என நோயாளி விரும்புவதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சுக்கு, துளசி, மிளகு சேர்த்த இளஞ்சூடான கஷாயத்தை மிதமாக அருந்தலாம். தொண்டைக்கு இதம் கிடைக்கும், உடலுக்கு நீரும் சேரும். சித்த மருந்து உட்கொள்ள விரும்பினால், தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் அல்லது அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் ஆலோசனை பெறுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்முறையைப் பின்பற்றாதீர்கள்.

காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் மருத்துவர் கூறிய அளவில் பாராசிட்டமால் போதும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் அளவு மிகும். அட்டையைப் படித்துப் பாருங்கள். சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ஃப்ளூவின்போது அதைக் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி அரிதாக ஏற்படலாம். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வைரஸை ஒன்றும் செய்யா.

நீண்டகால நோய்களுக்கான வழக்கமான மாத்திரைகளை, கஷாயம் குடிப்பதைக் காரணமாகக் கொண்டு நிறுத்தாதீர்கள். கஷாயத்தையும் மாத்திரையையும் ஒரே நேரத்தில் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியைத் தனி அறையில், காற்றோட்டமாக வையுங்கள். இருமும்போது வாயையும் மூக்கையும் மூடச் சொல்லுங்கள். பராமரிப்பவர் முகக்கவசம் அணிந்து, கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோய் பரவத் தொடங்கும். பெரியவர்களிடமிருந்து 5 முதல் 7 நாட்கள் வரையும், குழந்தைகளிடமிருந்து அதற்கு மேலும் பரவலாம்.

ஃப்ளூ வராமல் தடுக்க

ஃப்ளூ வராமல் காக்கும் கஷாயம் என எதுவும் நிறுவப்படவில்லை. சான்றுள்ள சிறந்த வழி தடுப்பூசி. வைரஸ் தொடர்ந்து மாறிக்கொண்டிருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், நோய் பரவும் பருவத்திற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவில் ஃப்ளூ பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரையும், மழைக்காலத்தை ஒட்டியும் மிகுதியாகப் பரவுகிறது. தடுப்பூசி எல்லா ஃப்ளூவையும் தடுத்துவிடாது. ஆனால் நோய் கடுமையாவதைக் குறைக்கிறது. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்களுக்கு அதனால் பாதுகாப்புக் கிடைக்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• தாவரங்களிலிருந்து ஃப்ளூ மருந்து கிடைக்க முடியும் என்பதற்கு ஓசெல்டாமிவிரே சான்று. ஆனால் தாவரம் வேறு, அதிலிருந்து உருவான மருந்து வேறு.
• மூலிகைக் கஷாயம் தொல்லைகளைத் தணிக்கலாம். கடும் ஃப்ளூவைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை.
• நீங்கள் உட்கொண்ட மூலிகைகளை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
• குழந்தை, முதியவர், கர்ப்பிணி, நாட்பட்ட நோயுடையவர் ஆகியோருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே மருத்துவரை அணுகுங்கள்.
• மூச்சுத்திணறல் தோன்றினால் ஒரு வேளை கஷாயத்திற்காகக்கூடக் காத்திருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் உடல்நிலைக்கேற்ற சிகிச்சையை உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்வார்.